கை கடைசியில்தான் வரும்

சென்ற வாரம் வடலூர் பஸ் நிலையத்தில் முதல் சுரங்கத்து நண்பர் ஒருவரைப் பார்த்தேன். ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும் பார்த்து. குடும்பம், பேரப்பிள்ளைகள், சர்க்கரை அளவு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "என்ன சார், தோள்பட்டை போயிடுச்சு, இனிமே பேட்டையே தொட மாட்டீங்கன்னு சொன்னாங்களே, நிஜமா?" என்று கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "ஆடறேன், ஆடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டேன். இந்திரா நகரில் இறங்கும்வரை, அந்த மனிதருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பேட் என்று அவர் சொன்னது கிரிக்கெட் மட்டையை அல்ல. பூப்பந்து மட்டையை. இன்றைய பிள்ளைகளிடம் பூப்பந்து என்றால் ஷட்டிலா என்று கேட்கிறார்கள். இறகுப்பந்து வேறு, பூப்பந்து வேறு. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, ஒரு பக்கம் ஐந்து பேர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள மைதானம். தஞ்சாவூர் அரண்மனையில் 1856-லேயே ஆடினார்கள் என்று சொல்வார்கள். 1970-இல் பிச்சையா அவர்களுக்கு அர்ஜுனா விருது கிடைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியார் அந்தச் செய்தியைப் பிரேயரில் வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஷட்டில் இறகு ஏறக்குறைய 5 கிராம். பூப்பந்து 27 முதல் 30 கிராம். இன்றைய ஷட்டில் மட்டை 80, 90 கிராம் இருக்கும். எங்கள் மட்டை அதைப் போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை நான் முன்பே போட்டுப் பார்த்திருந்தால் என் தோளுக்கு இந்தக் கதி வந்திருக்காது. நாற்பது வருடம் அந்தப் பாரத்தையெல்லாம் ஒரு மூட்டின் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

1982-இல் வேலைக்குச் சேர்ந்தேன். எக்ஸ்கவேட்டர் பராமரிப்புப் பிரிவு. எங்கள் வட்டத்தில் வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு மண் மைதானம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் காலையிலும், முதல் ஷிப்ட் முடித்தவர்கள் மாலையிலும் ஆடுவோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த தானே புயலில் அந்த மரங்களில் பாதி போய்விட்டன. ஆட்டம் போகவில்லை. 2018-இல் ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகருக்கு வந்த பிறகும், விடிகாலையில் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அதே மைதானத்துக்குத்தான் போகிறேன். ஒரு காலத்தில் இருபது பேர் இருந்தோம். சிலர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் மகன் வீட்டுக்கு, சிலர் ஒரேயடியாக. மிஞ்சியது பத்துப் பேர். ஒருவர் வராவிட்டாலும் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் நான்கு.

நான் பின்வரிசையில் வலது பக்கம். என் பெயரே 'ஸ்மாஷ்'தான். பந்து தலைக்கு மேல் வந்தால் போதும், கையை ஓங்கி ஒரே அடி. எதிர்ப்பக்கம் நிற்பவன் காலைத் தூக்கிக்கொண்டு விலகுவான். என் இடது பக்கம் நிற்பவன் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்த நண்பன். என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் ஓங்கி அடிக்கவே மாட்டான். உடம்பைச் சாய்த்துத் திருப்பி, பந்தைத் தள்ளிவிடுவதுபோல இருக்கும். அதுவும் யாரும் இல்லாத இடத்தில் போய் விழும். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவே பிடிக்காது.

1991-இல் யூனிட்டுகளுக்கு இடையே நடந்த போட்டியில் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அப்போதெல்லாம் 29 பாயிண்ட். இப்போது 35 ஆக்கிவிட்டார்கள். மூன்றாவது கேம், 29-27. கடைசிப் பந்து அவனிடம் போயிற்று. அடிக்க வேண்டிய பந்து. அவன் தட்டிவிட்டான், அவர்கள் எடுத்துவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் நான், "கையில தெம்பு இல்லாதவன் எதுக்குடா பேக்ல நிக்கிறே?" என்று கத்தினேன். அவன் பதில் பேசவில்லை. மட்டையை உறையில் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலை வழக்கம்போல வந்தான். அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த வசனத்தை நான் ஒரு வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இப்போது தோளுக்கு வருகிறேன்.

2023 தை மாதம். பொங்கல் முடிந்த வாரம். பனியில் பந்து கொஞ்சம் ஈரமேறிக் கனத்துப்போயிருந்தது. தலைக்குப் பின்னால் போன பந்தைக் காலை நகர்த்தாமல், கையை மட்டும் பின்னால் எட்டி அடித்தேன். தோளுக்குள் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். சத்தம் வெளியே கேட்டதா என்று தெரியவில்லை, எனக்குக் கேட்டது. மட்டை கையிலிருந்து விழுந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். தோள் மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு உருண்டை. அந்த உருண்டை நழுவாமல் நான்கு தசைகள் சுற்றிலும் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் மேலே இருக்கும் தசையின் நாண் பாதி கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படாது, ஆறு வாரம் மட்டையைத் தொடக்கூடாது, பிறகு பிசியோதெரபி என்றார்.

எனக்கு அப்போது ஸ்ரீநாத் ஞாபகம்தான் வந்தது. 1997-இல் தோளில் ஆபரேஷன் செய்துகொண்டவர், 1999 பிப்ரவரியில் கல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தாரே. (அப்படியும் நாம் தோற்றோம், அது வேறு விஷயம்.) ஆபரேஷன் செய்தவரே பந்து வீசினார், நமக்குப் பாதிக் கிழிசல்தானே என்று நினைத்தேன். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, எனக்கு அறுபத்து நான்கு, கூடவே பதினைந்து வருடச் சர்க்கரை என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம், "மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். நான்கு பந்து நன்றாகத்தான் அடித்தேன். ஐந்தாவது பந்துக்குக் கை பாதியில் நின்றுவிட்டது. அன்று இரவு வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருந்தேன். வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. இரண்டு மாதத்தில் தோள் இறுகிவிட்டது. ஃப்ரோஸன் ஷோல்டர் என்கிறார்களே, அது. மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கித் தடித்துவிடுமாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சட்டை போட முடியாது. தலை வார முடியாது. முதுகு தேய்க்க முடியாது. ஒருநாள் காலையில் என் மனைவி சட்டைக் கையை எனக்கு மாட்டிவிட்டுக்கொண்டே, "ஏங்க, அன்னிக்கு மாத்திரை வாங்கப் போனீங்களே, மாத்திரை எங்க?" என்று கேட்டாள். இரண்டு மாதம் கழித்து! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளே பிசியோதெரபிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிசியோதெரபி செய்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. முதல் மூன்று மாதம் மட்டை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. குனிந்து நின்று கையை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களைப் பல்லிபோல மேலே ஏற்றுவது, கதவில் கப்பி கட்டி நல்ல கையால் கெட்ட கையைத் தூக்குவது. சுவரில் பென்சிலால் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்தேன். ஜூன் முதல் வாரத்தில் கோடு என் மார்பு உயரத்தில் இருந்தது. ஆகஸ்டில் கண் உயரத்துக்கு வந்தது. வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏறினால் பெரிய விஷயம். பிறகு ரப்பர் பட்டை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, பட்டையை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். துண்டு கீழே விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது.

ஒருநாள் அந்தப் பெண், "நீங்க எப்படி அடிப்பீங்க சார், பந்து இல்லாம காட்டுங்க" என்றாள். இடது கையால் காட்டினேன். பார்த்துவிட்டு, "சார், உங்க கால் நட்ட கம்பம் மாதிரி இருக்கு. இடுப்பு திரும்பவே இல்ல. எல்லாத்தையும் தோள்தான் செய்யுது" என்றாள். போனில் ஒரு வீடியோ காட்டினாள். கோல்ஃப். எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? டிவியில் வந்தால் சேனல் மாற்றுகிறவன் நான். அவள் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். மட்டையைப் பின்னால் கொண்டுபோய் உச்சியில் நிறுத்துகிறார் ஆட்டக்காரர். அங்கிருந்து முதலில் நகர்வது கை அல்ல. எடை முன்காலுக்கு மாறுகிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகு மார்பு, அதற்குப் பிறகு தோள். கை கடைசியில் சும்மா வந்து சேர்ந்துகொள்கிறது. அத்தனை மெதுவாகப் பார்த்தும் அவர் பலத்தைப் பிரயோகிக்கும் இடம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"கோல்ஃப்லயும் தோள் அடிபடும் சார். வலது கைக்காரங்களுக்குப் பெரும்பாலும் இடது தோள்தான். சரியாகி வரும்போது அவங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தருவாங்க. கால்ல இருந்து ஆரம்பிங்க, கை கடைசியிலதான் வரும்" என்றாள். தோள் மூட்டே கோல்ஃப் பந்தைச் சின்ன ஆணி மேல் வைத்ததுபோலத்தானாம். தட்டினால் விழுந்துவிடும். சுற்றியிருக்கும் தசைகள்தான் காவல்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு எங்கள் எக்ஸ்கவேட்டர் நினைவுக்கு வந்தது. நெய்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1400 லிட்டர் எக்ஸ்கவேட்டரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அந்தச் சக்கரத்தையும் பக்கெட்டின் பல்லையும்தான் பார்ப்பார்கள். கடலூர் மணற்பாறை இரும்பையே தேய்த்துவிடும். பல்லை மாற்றி மாளாது. ஆனால் அந்தப் பல் மண்ணைக் கடிக்க வேண்டுமானால், கீழே கிராலர் மேல் உட்கார்ந்திருக்கும் மொத்த மேல்பாகமும் இடமும் வலமுமாகத் திரும்ப வேண்டும். நாங்கள் 'ஸ்லூ' என்போம். அந்தத் திருப்பம் நின்றால் சக்கரம் வெறுமனே ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முப்பத்தாறு வருடம் அந்த ஸ்லூ பேரிங்குக்கு கிரீஸ் போட்டுவிட்டு, மாலையில் மைதானத்துக்கு வந்து வெறும் பல்லாலேயே பாறையைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பரில் அந்தப் பெண் அனுமதி கொடுத்தாள். முதலில் சர்வீஸ் மட்டும், இடுப்புக்குக் கீழே. பிறகு பக்கவாட்டு அடி. தலைக்கு மேல் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. மைதானத்துக்குப் போனேன். பத்து மாதமாக இந்தப் பக்கம் நான்கு பேர்தான் ஆடியிருக்கிறார்கள். "வேற ஆளைப் போட்டிருக்கலாமே" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை.

வீடியோவில் பார்ப்பது வேறு, மண்ணில் நிற்பது வேறு. பந்து வந்தால் என் கைதான் முந்துகிறது. நாற்பது வருடப் பழக்கம் லேசில் போகுமா? இரண்டாவது வாரம், ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு பெல்ட் நண்பன் மட்டும் நின்றான். "நாளைக்கு அஞ்சே காலுக்கு வா. நான் கையால போடறேன், நீ அடி" என்றான்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்னே வந்து நின்றான். கையில் நான்கு பழைய பந்துகள். ஒவ்வொன்றாகப் போட்டான். நான் அடித்தேன். பத்துப் பந்து பார்த்துவிட்டு, "பந்தைப் பார்க்காத. என் காலைப் பாரு" என்று சொல்லி என் மட்டையை வாங்கினான். முப்பது வருடம் பக்கத்தில் நின்றும் நான் பார்க்காததை அன்றுதான் பார்த்தேன். பந்து கிளம்பும்போதே அவன் வலது கால் பின்னே போய்விடுகிறது. உடம்பு பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. இடுப்பு முன்னே வரும்போது தோளும் கையும் அதன் பின்னால் வருகின்றன. வீடியோவில் கோல்ஃப்காரர் செய்தது அதேதான். நான் "தள்ளிவிடுகிறான்" என்று நாற்பது வருடம் கிண்டல் செய்தது இதைத்தான்.

"இதை எங்கடா கத்துக்கிட்டே?" என்றேன்.

"எண்பத்தாறுல மழையில சைக்கிள்ல விழுந்தேன், ஞாபகம் இருக்கா? தோள் கழண்டுடுச்சு. புத்தூர் கட்டுப் போட்டாங்க. சேர்ந்துடுச்சு, ஆனா ஓங்கினா மறுபடி கழண்டுடுமோன்னு ஒரு பயம். அதான் கையை நம்பாம உடம்பால ஆடிப் பழகிக்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடா?"

"நீ கேக்கலையே" என்றான். கோபமெல்லாம் இல்லை. அடுத்த பந்தை எடுத்துக்கொண்டே சொன்னான்.

எனக்கு அதற்கு மேல் அடிக்க முடியவில்லை. தோள் வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் எனக்குப் பந்து போட்டான். ஒரு நாளைக்கு நாற்பது பந்து, அதற்கு மேல் ஒன்றுகூட போடமாட்டான். நான் கெஞ்சினாலும், "மாத்திரை வாங்கப் போன கதை எனக்கும் தெரியும்" என்பான். என் மனைவி அவன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். 2024 ஏப்ரலில்தான் தலைக்கு மேல் முதல் பந்தை அடித்தேன். பழைய ஸ்மாஷ் இல்லை. சத்தமே வரவில்லை. ஆனால் பந்து போய் மூலையில், கோட்டுக்கு உள்ளே விழுந்தது. தோளில் சுருக்கென்றுகூட இல்லை. வலித்தது தொடைதான். கால் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று ஆட்டம் முடிந்து டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "டேய், தொண்ணூத்தொண்ணு ஃபைனல் உன்னால தோக்கல. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

கிளாஸை வைத்துவிட்டு அவன் சொன்னான்: "தெரியும். உன் சர்வீஸ் ரெண்டு நெட்ல விழுந்துச்சு. அந்த ரெண்டும் ஏறியிருந்தா நமக்கும் இருபத்தொம்பது."

முப்பத்து மூன்று வருடம் கணக்கை மனசில் வைத்திருந்திருக்கிறான். எல்லோரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

வடலூரில் கேட்ட நண்பருக்கு இனி பதில் சொல்லிவிடலாம். ஆடுகிறேன் சார். வாரத்தில் நான்கு நாள், ஒரு நாளைக்கு இரண்டு கேம், அதற்கு மேல் இல்லை. வலது கை இன்னும் முதுகுக்குப் பின்னால் முழுதாகப் போகாது, முதுகு தேய்க்கக் கயிறு போட்ட நார் வாங்கி வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் ரப்பர் பட்டை இழுக்கிறேன். சுவரில் இருந்த பென்சில் கோடுகளைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தோளில் வலி வந்தால் மறைக்காதீர்கள். சர்க்கரை இருந்தால் கண்டிப்பாக மறைக்காதீர்கள். டாக்டர் ஆறு வாரம் என்றால் அது ஆறு வாரம்தான், ஐந்து இல்லை. பழையபடி ஓங்கி அடிக்க வேண்டும் என்று ஆசை வரும்போது, முதலில் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

நாளைக்கு அஞ்சே காலுக்குப் போக வேண்டும். இப்போது நான் போடுகிறேன், அவன் அடிக்கிறான். போன மாதம் அவனுக்கு முழங்காலில் பிடிப்பு. இந்தத் தடவை நான் கேட்டேன்.